ஊசி போடுமுன் பால் குடிப்பதைப் பாருங்கள்

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், பேறுகால வார்டுகளில் இரவும் பகலும் நிற்கும் செவிலியர்களுக்கும் இந்த மடல்.

டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அது பாலுக்குத் தவித்து அலறுகிற ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இருப்பவர் நீங்கள். வீட்டுக்குப் போன பிறகும் படியேறி வந்து, "எங்க, பிள்ளையக் காட்டுங்க" என்று உரிமையோடு கேட்கக்கூடியவரும் நீங்கள்தான். உங்கள் கையில் பிள்ளையைக் கொடுக்கத் தயங்கும் தாயை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. அதனால்தான் என் மனத்தாங்கலையும் உங்களிடமே சொல்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் எடை போடுகிறீர்கள். வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, கல்லீரல் அழற்சித் தடுப்பூசி எதுவும் விட்டுப்போவதில்லை. கைவிரல், கால்விரல் எண்ணுகிறீர்கள். உதடு பிளந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஆனால் நாக்குக்கு அடியில் பார்க்கிறவர்கள் குறைவு. தாய் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாய் வைத்ததிலிருந்து விடுவது வரை ஒரு தடவை முழுசாகப் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு. "பால் குடிக்குதா?" என்று வாசலில் நின்று கேட்கிறீர்கள். "குடிக்கு, குடிக்கு" என்று உள்ளேயிருந்து பாட்டி சொல்கிறாள். பதிவேட்டில் ஒரு டிக் விழுகிறது. அந்த டிக்குக்குப் பின்னால் சில வீடுகளில் நடப்பதைத்தான் எழுத வந்தேன்.

பால் குடிப்பதென்றால் உறிஞ்சுவது என்று மட்டும் நினைக்கிறோம். பிள்ளையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு, மார்பை அடியிலிருந்து ஏந்திப் பிடிக்க வேண்டும். பிறகு நாக்கின் பின்பகுதி இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் இறங்குகிறது. நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு எல்லாருக்கும் உண்டு. அது இருப்பது நோயில்லை. சில பிள்ளைகளுக்கு மட்டும் அது குட்டையாகவோ, தடித்தோ, நாக்கு நுனிக்கு மிக அருகிலோ அமைந்துவிடுகிறது. இதைத்தான் நாக்கு ஒட்டு என்கிறோம். நங்கூரக் கயிற்றைக் குட்டையாகக் கட்டிவிட்டால் அலை ஏறும்போது வள்ளம் எழும்ப முடியாமல் மூக்கைக் குத்துமே, அந்த நிலைதான் அந்த நாக்குக்கு. நீள முயலும்போதெல்லாம் சவ்வு பின்னுக்கு இழுக்கும். பிடி நழுவும்போது 'டொக், டொக்' என்று சத்தம் வரும். நாக்கால் பிடிக்க முடியாத பிள்ளை ஈறால் கடித்துப் பிடிக்கும். காம்பு வெடித்து ரத்தம் கசியும். பால் முழுதும் இறங்காததால் மார்பு கல்லாகக் கட்டும், காய்ச்சல் வரும். இறங்காத பாலை உடம்பு மறுபடி சுரக்காது. இரண்டு மூன்று வாரத்தில் உண்மையிலேயே பால் குறைந்துவிடும்.

அதற்குள் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிடும்: "இவளுக்குப் பால் பத்தல."

இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தே தலை நரைத்தவள் நான். பிள்ளை பெற்ற பெண்களின் முகம் எனக்குத் தெரியும். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் ஊட்டுகிறார்கள். அவள் மார்பில் பால் இருக்கிறது, பிள்ளையால் எடுக்க முடியவில்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. மாமியார் சந்தேகமாகப் பார்க்கிறாள். அம்மா தன் காலத்துக் கதையைச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்கிறாள். பச்சை உடம்புக்காரி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிள்ளையை மார்போடு பிடித்திருக்கிறாள். பிள்ளை களைத்துத் தூங்கிவிட்டு அரைமணியில் பசித்து எழுகிறது. என் தங்கை மகளுக்கு இது நடந்தது. மூன்று வாரத்துக்கு மேல் அவளை எல்லோருமாகச் சேர்ந்து குற்றவாளி ஆக்கினோம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், வீடு திரும்பும்போதே பவுடர் பால் பெயர் ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கத்தான் அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

துண்டுச் சீட்டு என்றதும் நினைவு வருகிறது. தாய்ப்பால் மாற்று உணவுகள், பால் புட்டிகள் பற்றிய சட்டம் 1992-ல் வந்தது; 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது, ஆஸ்பத்திரி வழியாக விற்பனையை வளர்க்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இதைப் பல வார்டுகளின் சுவரில்கூட ஒட்டியிருக்கிறார்கள். சுவருக்குக் கீழேயே சீட்டு எழுதப்படுகிறது.

நம் ஊர்களில் புட்டிக்கு மாறுவது சின்ன விஷயமில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற தெருக்களில் புட்டியைக் கழுவிக் கொதிக்கவைப்பது எத்தனை தடவை நடக்கும்? ஒரு டப்பா பவுடர் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். டப்பா சீக்கிரம் தீரக் கூடாதென்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள். உப்பளத்துக்கு விடியுமுன் போகிற பெண்ணும், மீன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற பெண்ணும் எப்படியும் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். முதல் மாதத்தில் பால் ஊறி நிலைபெறாவிட்டால் பிறகு அவர்களுக்கு வழியே கிடையாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை நூற்றுக்கு 55.1 தான். ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் உங்கள் கண் எதிரிலேயே பிள்ளை பெறுகிறார்கள். அப்படியும் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்கு வேறு ஏதோ ஒன்று வாய்க்குள் போகிறது. நாக்கு ஒட்டு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அது சின்னப் பங்குதான். ஆனால் பால்குடியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பது பெரிய பங்கு.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த மடலைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளையின் நாக்கையும் தூக்கி, சவ்வு கண்ணில் பட்டதையெல்லாம் நாக்கு ஒட்டு என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். கவனிக்காமல் விடுவதற்கு நான் எவ்வளவு பயப்படுகிறேனோ அவ்வளவு இதற்கும் பயப்படுகிறேன்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் நாக்கு ஒட்டு என்று பதிவான குழந்தைகள் 1997-ல் 3,934 பேர். 2012-ல் 32,837 பேர். பதினைந்து வருடத்தில் அங்கே பிறக்கிற பிள்ளைகளின் நாக்கு மாறிவிடவில்லை. தேடுகிற கண்ணும், வெட்டுகிற கையும் பெருகின. லேசர் வைத்திருக்கிற பல் மருத்துவமனைகள் அங்கே இதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டன. 2024-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டு எச்சரிக்க வேண்டிவந்தது: நாக்கு ஒட்டின் தோற்றம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பால் குடிப்பதில் சிரமம், முதலில் வெட்டாமல் செய்யக்கூடிய உதவிகளைச் செய்யுங்கள், கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. பக்கத்திலேயே கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 2024 மே மாதம் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கையில் ஆறாம் விரலை எடுக்க வந்த 4 வயதுச் சிறுமிக்கு நாக்கில் அறுவை செய்துவிட்டார்கள். நாக்கு ஒட்டு இருந்ததாகப் பிறகு விளக்கம் வந்தது. அந்தச் சிறுமியின் வீட்டார் அதைப் பற்றிக் குறையே சொல்லி வரவில்லை என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 201 பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டு இருந்தது. பால் குடிப்பதில் தொந்தரவு இருந்தது 88 பேருக்குத்தான். மீதி 113 பேரும் சவ்வோடு சௌகரியமாகவே குடித்தார்கள். தொந்தரவு இருந்தவர்களில் 57 பேரை ஆய்வில் சேர்த்து, சிலருக்கு உடனே சவ்வை வெட்டினார்கள். சிலருக்கு 48 மணி நேரம் ஆலோசனை மட்டும் சொல்லிக் காத்திருந்து, சரியாகாவிட்டால் பிறகு வெட்டினார்கள். கடைசியில் 57 பேரில் 54 பேர் நன்றாகப் பால் குடித்தார்கள். இதுவே முடிந்த முடிவும் இல்லை. 2017-ல் காக்ரேன் குழு 5 ஆய்வுகளை, 302 குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி குறைகிறது என்பது தெளிவாக இருந்தது. பிள்ளை குடிக்கும் திறன் எல்லா ஆய்விலும் ஒன்றுபோல் கூடியதாகச் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால், தாயின் வலி குறைகிறது என்பதே போதுமான காரணம். வலி குறைந்தவள்தான் அடுத்த வேளையும் மார்பில் பிள்ளையைப் போடுவாள்.

ஆக, எல்லாம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. சவ்வைப் பார்த்து முடிவு செய்தால் தப்பு. சவ்வைப் பார்க்காமலே விட்டாலும் தப்பு. பால்குடியைப் பார்த்து, அதில் கோளாறு தெரிந்தால் வாய்க்குள் பார்க்க வேண்டும். இதை டாக்டரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் நீங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. பல தாய்மாரோடு உட்கார்ந்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் மனதில் தங்கியதைச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். தாயை முதுகு சாய்த்து உட்காரச் சொல்லி, அவள் வழக்கமாகக் கொடுப்பதுபோலவே கொடுக்க விடுங்கள். உடனே கை வைத்துத் திருத்தாதீர்கள். பிள்ளை வாயை அகலத் திறக்கிறதா, காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டமும் உள்ளே போகிறதா? விழுங்குகிற சத்தம் கேட்கிறதா, டொக் டொக்கா? கடைவாயில் பால் வழிகிறதா? தாயின் முகத்தையும் பாருங்கள். வாய் வைத்த முதல் நொடியில் கொஞ்சம் சுளிப்பது வேறு, கடைசிவரை கால் பெருவிரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. பிள்ளை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சரிந்து நசுங்கி, நுனி வெளுத்து வந்தால் உள்ளே அது கடிபட்டிருக்கிறது.

இதில் கோளாறு தெரிந்தால் முதலில் பிடிக்கும் விதத்தைத் திருத்துங்கள். பாதி வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மேலண்ணம் முழுசாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். உதடு நன்றாக இருந்து அண்ணத்தில் மட்டும் பிளவு உள்ள பிள்ளைகள் தப்பிப்போவது அங்கேதான். நாக்கு உங்கள் விரலைச் சுற்றி ஏந்துகிறதா? விரலை நாக்கின் அடியில் பக்கவாட்டில் ஓட்டினால் இறுக்கமாக ஏதும் தடுக்கிறதா? பிள்ளை அழும்போது நாக்கு நடுவாய் வரை எழும்புகிறதா, ஓரங்கள் மட்டும் எழும்பி நடுவில் இழுபடுகிறதா? நுனி இதய வடிவில் உள்வாங்கியிருக்கிறதா? கீழ் உதட்டைத் தொட்டால் நாக்கு வெளியே வருகிறதா? பிரிஸ்டல் நகரத்தில் 2015-ல் இதற்கென்றே ஒரு மதிப்பீட்டு முறை உருவாக்கினார்கள். நுனியின் தோற்றம், சவ்வு கீழ் ஈறில் ஒட்டியிருக்கும் இடம், நாக்கு எழும்பும் உயரம், வெளியே நீளும் அளவு என நான்கே கேள்வி, மொத்தம் 8 மதிப்பெண். பிறகு படங்களோடும் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும்.

எடை இருக்கவே இருக்கிறது. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ, முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகாவிட்டாலோ, நாக்கில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊட்டச் சொல்லுங்கள். புட்டி வேண்டாம். சங்குக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். சங்கில் ஊட்டத் தெரியாத பாட்டி இன்னும் இங்கே பிறக்கவில்லை.

வெட்டுவது என்றதும் வீட்டில் கூச்சல் எழும். "பிள்ளை நாக்கை வெட்டவா?" அந்தச் சொல்லே கொடுமையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நடப்பதைச் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும். நாக்கை யாரும் வெட்டுவதில்லை. அடியிலிருக்கிற சவ்வை மட்டும் விடுவிக்கிறார்கள். பச்சிளம் பிள்ளையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நாக்கைத் தூக்கி, முனை மழுங்கிய கத்தரியால் செய்வது. மயக்கமருந்து கொடுக்காமலே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சில சொட்டு ரத்தம் வரும். உடனே தாயின் மார்பில் போடுவார்கள். அடுத்த சில நாள் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். சீழ் என்று நினைத்துப் பாட்டி ஏதாவது தடவிவிடுவாள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெட்டிய இடத்தை விரலால் அழுத்தி இழுத்துவிடும் பயிற்சி தேவை என்று சிலர் சொல்வார்கள். நான் மேலே சொன்ன 2024 அறிக்கை அதைப் பரிந்துரைக்கவில்லை. பிள்ளை வளர்ந்த பிறகு இதையே செய்ய வேண்டுமென்றால் மயக்கமருந்து, தையல் என்று போகும். அதனால்தான் முதல் வாரங்களின் அருமையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. வைட்டமின் கே போட்டிருக்கிறதா, குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்காமல் யாரும் கத்தரியை எடுக்கக் கூடாது. அந்தக் குறிப்பை நீங்களே சீட்டில் எழுதி அனுப்பிவிட்டால் நல்லது. இன்னொன்று, வீட்டு வைத்தியம். ஐரோப்பாவில் முற்காலத்து மருத்துவச்சிகள் நகத்தை நீளமாக வளர்த்து இந்தச் சவ்வைக் கிழித்துவிடுவார்களாம். நம்மூரில் அப்படி யாராவது பிளேடையோ நகத்தையோ எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். நாக்கு புரள வேண்டும் என்று வசம்பு உரசித் தடவுவதும், சேனை வைக்கிறோம் என்று தேன் தொட்டு வைப்பதும் சவ்வை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து என்பதை நீங்கள் சொல்லியும் கேட்காத வீடுகள் உண்டு; அங்கே தாய்மாமனிடம் சொல்லிப் பாருங்கள், சேனை வைக்கிற கௌரவம் அவருக்குத்தானே.

கடலோர வீடுகளில் இன்னொரு தாமதம் உண்டு. "அவன் கரைக்கு வரட்டும்." தகப்பன் ஆழ்கடலிலோ கப்பலிலோ இருப்பான். அவன் வரும்வரை முடிவெடுக்க மாட்டார்கள். அதற்குள் பால் வற்றிவிடும். நீங்கள் ஒரு தடவை போனில் அவனோடு பேசினால் போதும். நர்சம்மா சொன்னார்கள் என்றால் அவன் மறுக்க மாட்டான்.

பேச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பால் குடிக்காததற்கு யாரும் நாக்கைப் பார்ப்பதில்லை. இரண்டு வயதாகியும் பேசாவிட்டால் மட்டும் எல்லோரும் நாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நாக்கு ஒட்டினால் பிள்ளை ஊமையாவதில்லை. ல, ர போன்ற சில எழுத்துகள் சிலருக்குத் தெளிவில்லாமல் வரலாம். பலர் தாமாகவே சமாளித்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் 'பழம்' என்று எழுதிவைத்தால் வகுப்பே ஒரே குரலில் 'பளம்' என்று வாசிக்கும். அதற்கு நாக்கு ஒட்டு காரணமில்லை, தென்கரைத் தமிழ் அப்படி. எனக்குமே பள்ளிக்கு வெளியே 'ள'தான் வரும். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் திக்கிப் பேசுகிற ஒருவனை ஆண்டவரிடம் கூட்டிவருகிற கதையைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஞானஸ்நானச் சடங்கிலும் 'எப்பத்தா' என்று சொல்லிக் காதையும் வாயையும் தொடுவது அதிலிருந்து வந்ததுதான். பேச்சுக் குறையைப் பெரிதாகப் பேசுகிற நாம் மறந்துவிடுவது, அந்த மனிதனுக்குக் காது கேட்கவில்லை என்பது. அங்கே முதலில் திறந்தது காது. நாக்கு அதற்குப் பிறகுதான். ஆகவே பேசாத பிள்ளையை உங்களிடம் கொண்டுவந்து "நாக்கைப் பாருங்க நர்சம்மா" என்றால், முதலில் காதுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நாக்கை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று நம்பி, காது கேளாத பிள்ளையின் நல்ல காலத்தை வீணாக்கிய குடும்பங்களை நான் வகுப்பில் சந்தித்திருக்கிறேன்.

காதுக்கு உங்கள் பட்டியலில் இடம் இருக்கிறது. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிக் குறைகள் என்று ஒன்பதைக் குறித்திருக்கிறார்கள்: நரம்புக்குழல் குறை, டவுன் நோய்க்குறி, உதடு அண்ணப் பிளவு, வளைந்த பாதம், இடுப்பு மூட்டுக் கோளாறு, பிறவிக் கண்புரை, காது கேளாமை, இருதயக் குறை, குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரைப் பாதிப்பு. நாக்கு ஒட்டு அதில் இல்லை. அவ்வளவு பெரிய குறைகளோடு இதை வைக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் பட்டியலில் இல்லாதது பார்வையிலும் இல்லாமல் போவதுதான் நம் ஆபீஸ் வழக்கம்.

உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். பதிவேடு ஒருபக்கம், செல்போனில் ஏற்ற வேண்டியது ஒருபக்கம், கர்ப்பிணிகள், சர்க்கரை, பிரஷர், கொசு என்று எல்லாமே உங்கள் தலையில். இந்த மடல் இன்னொரு பதிவேட்டைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் போடுவதற்காக இல்லை. வீடு தேடிப் போக வேண்டிய 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள் வருகைகள் ஏற்கனவே விதியில் இருக்கின்றன. நான் கேட்பது அவற்றில் முதல் இரண்டை மட்டும் பால்குடி பார்க்கும் நாளாக ஆக்குங்கள் என்பது. வாசலில் நின்று கேட்காமல் உள்ளே போய் உட்காருங்கள். பிள்ளை தூங்கினால் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு, அது பசித்து எழும்போது திரும்பி வாருங்கள். வார்டில் இருக்கும் தங்கைகளே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்து வாங்குமுன் ஒரு வேளைப் பால்குடியை நீங்களே முழுசாகப் பாருங்கள். தாய்சேய் அட்டையின் ஓரத்தில் "பால் குடிப்பது பார்க்கப்பட்டது" என்று ஒரு வரியும், வலியோ சத்தமோ இருந்தால் அதையும் எழுதுங்கள். ஊரில் இருக்கும் செவிலியர் அந்த வரியைப் படித்துவிட்டு மூன்றாம் நாள் போகட்டும். அப்போது தவறியவர்கள் ஒன்றரை மாத ஊசிக்குப் புதன்கிழமை வரிசையில் வருவார்கள்; புட்டியோடு வருகிற தாயைக் கண்டால் ஏன் என்று ஓரமாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

கோளாறு தெரிந்த பிள்ளையை அனுப்புவது எங்கே என்பதுதான் பெரிய சிக்கல். பெரியதாழையிலிருந்து கைப்பிள்ளையோடு பஸ் ஏறி வருகிற தாய், குழந்தை வார்டில் காத்திருந்து, காது மூக்கு தொண்டைக்குப் போ என்று அங்கேயும், பல் பிரிவுக்குப் போ என்று இங்கேயும் அலைந்து திரும்பினால் மறுபடி வர மாட்டாள். 2000-லிருந்து தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் அங்கே உண்டு. வாரத்தில் ஒரு காலை, ஓர் அறை, அங்கே பால்கொடுக்கக் கற்றுத்தரும் ஒரு செவிலியரும் கத்தரி பிடிக்கத் தெரிந்த ஒரு டாக்டரும் சேர்ந்து உட்கார வேண்டும். முதலில் செவிலியர் பார்த்து, அவர் தேவை என்று சொன்னால் மட்டும் டாக்டர். இந்த வரிசை மாறாமல் இருந்தால் தேவையில்லாத வெட்டும் குறையும், தேவையான பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதும் நிற்கும். இதை எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் கேட்டால் மனு. உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் நீங்கள் கேட்டால் அது களத்திலிருந்து வந்த தேவை.

தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. பனிமய மாதா திருவிழாவும் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல்தான் முடிகிறது. மாவட்டத்தின் கடற்கரைப் பெண்கள் பாதிப் பேர் கைப்பிள்ளைகளோடு அந்தப் பதினொரு நாளும் தூத்துக்குடியில்தான் இருப்பார்கள். வழக்கமான பேரணியும் கோலப்போட்டியும் நடக்கட்டும். அவற்றோடு கோயில் பக்கம் மறைப்புத் தடுப்போடு நாலு நாற்காலி போட்டு, பால்கொடுக்க வரும் தாய்மாரோடு உங்களில் இருவர் மாறி மாறி உட்கார முடியுமா? நாற்காலிக்கும் பந்தலுக்கும் குடிதண்ணீருக்கும் நாங்கள் பொறுப்பு. பங்குப் பேரவைகளிடமும், காயல்பட்டினத்துப் பெண்களுக்கு அங்கேயே ஓர் ஏற்பாடு செய்ய அவ்வூர் ஜமாத்திடமும் பேச நாங்கள் தயார்.

இந்த மடலை உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள். மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு காலை என்ற கோரிக்கையை நீங்கள் எழுத்தில் வைத்தால், ஊர் ஊராகப் போய்த் தாய்மாரின் கையெழுத்து வாங்கி அதோடு சேர்த்துக் கொடுக்கிறோம். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் எந்த நாள் வந்து பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருத்தி